காயில் நிற்கவில்லை என்றதும் பெரிய மேக்னட் போடாதீர்கள்: காக்ளியர் இம்ப்ளான்ட்டும் எம்.ஆர்.ஐ.யும், அறிகுறி வாரியாக

காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது காது கேளாதவர்களுக்கு அறுவை சிகிச்சையில் உள்ளே வைக்கும் கேட்கும் கருவி. அதன் காயில், அதாவது மேக்னட்டால் தலையில் ஒட்டி நிற்கும் வெளிச் சுருள் வட்டு, நிற்கவில்லை என்று ஒரு பெற்றோர் சொன்னால், இன்னொரு பெற்றோர் உடனே சொல்வது இதுதான்: "ஒரு நம்பர் பெரிய மேக்னட்டாகப் போட்டுப் பாருங்கள்." பல நேரம் அது சரியாகவும் அமைந்துவிடும். முடி வளர்ந்திருக்கும், குழந்தை வளர்ந்து தோல் தடித்திருக்கும். ஆனால் அண்மையில் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தாலோ தலையில் அடிபட்டிருந்தாலோ அந்த யோசனை ஆபத்தானது. உள்ளே மேக்னட் இடம் பெயர்ந்து கிடக்கும்போது வெளியே வலுவான மேக்னட்டை வைத்தால் காயில் ஒட்டிக்கொள்ளும், சத்தமும் கேட்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். இரண்டு மேக்னட்டுக்கும் நடுவில் மாட்டிய தோல் மட்டும் நசுங்கிக்கொண்டிருக்கும்.

மேப்பிங் அறையில், அதாவது இம்ப்ளான்ட்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒலி அளவுகளைச் சரிசெய்யும் இடத்தில், இம்ப்ளான்ட் போட்டவர்களைப் பார்க்கும் ஆடியாலஜிஸ்ட்டின் (கேட்டல் நிபுணரின்) இடத்திலிருந்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

உள்ளே இருப்பது எந்த வகை மேக்னட்?

காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் இருக்கும் பாகத்தில் வட்டமாகச் சுற்றிய கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அதன் நடுவில் சிலிக்கோன் உறைக்குள் ஒரு சிறிய வட்ட மேக்னட் உட்கார்ந்திருக்கிறது. வெளியே காயிலில் இருக்கும் மேக்னட்டை அது பிடித்துக்கொள்வதால்தான் இரண்டு சுருளும் நேருக்கு நேர் நிற்கின்றன. வெளியே மாட்டிக்கொள்ளும் கருவியான பிராசஸர் அனுப்பும் தகவலும் மின்சக்தியும் தோலைத் தாண்டி உள்ளே போகின்றன. பல மாடல்களில் இந்த மேக்னட்டைத் தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். அதாவது, அதைப் பிடித்திருப்பது சிலிக்கோனின் விளிம்பு மட்டுமே. எளிதாக எடுக்க வசதி செய்த பொருள் எளிதாக வெளியே வரவும் செய்யும்.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப்புலம் வழக்கமாக 1.5 அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது இருந்துகொண்டே இருக்கும். "இன்னும் ஆன் பண்ணவில்லை, சும்மா உள்ளே வாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய வகை இம்ப்ளான்ட்டில் மேக்னட்டின் ஒரு துருவம் தோலைப் பார்த்தும் மற்றது எலும்பைப் பார்த்தும் இருக்கும். குழாய் வடிவ இயந்திரத்தின் புலமோ தலையிலிருந்து கால் பக்கமாக ஓடுகிறது. இரண்டும் குறுக்கே நிற்பதால் மேக்னட் எழுந்து திரும்பி, புலத்தின் திசைக்கு வரப் பார்க்கும். ஒரு பக்க விளிம்பு தூக்கும், மறுபக்கம் எலும்பில் அழுந்தும். வலியும் இடப்பெயர்ச்சியும் இங்கிருந்துதான் வருகின்றன.

புதிய வகையில் துருவங்கள் வட்டத்தின் குறுக்காக இருக்கும்; மேக்னட் தன் கூட்டுக்குள்ளேயே திசைகாட்டி முள்போலச் சுழன்று புலத்தோடு ஒத்துப்போகும். மெட்-எல் நிறுவனத்தின் சிங்க்ரனி 2014-ல் இப்படி வந்தது. அட்வான்ஸ்டு பயோனிக்ஸின் ஹைரெஸ் அல்ட்ரா 3டி 2018-ல், காக்ளியர் நிறுவனத்தின் நியூக்ளியஸ் புரொஃபைல் பிளஸ் 2019-ல். இவற்றை அந்தந்த நிறுவனம் சொல்லும் நிபந்தனைகளோடு, மேக்னட்டை எடுக்காமலே 3 டெஸ்லா வரை ஸ்கேன் செய்யலாம்.

இந்த ஆண்டுகளை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 2014-க்கு முன் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் உள்ளே இருப்பது கட்டாயம் பழைய வகை. அதற்குப் பிறகு நடந்திருந்தால் எதுவாகவும் இருக்கலாம். புதிய மாடல் சந்தைக்கு வந்ததாலேயே அது உங்கள் குழந்தைக்கு வைக்கப்பட்டது என்று ஆகாது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் இம்ப்ளான்ட் பெற்ற பிள்ளைகளில் பலர் இன்று பதின்வயதை எட்டிவிட்டார்கள். பிராசஸர் புதிதாக மாறியிருக்கும், அதைப் பார்த்து உள்ளே இருப்பதும் புதியது என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். பிராசஸரின் மாடலும் இம்ப்ளான்ட்டின் மாடலும் வேறு வேறு. எம்.ஆர்.ஐ.க்குத் தேவை இரண்டாவது.

ஸ்கேன் மேசையில் படுத்திருக்கும்போதே வலி, இழுப்பு, அழுத்தம்

ஸ்கேனை நிறுத்தச் சொல்வதற்காகக் கையில் கொடுத்த ரப்பர் பந்தை அழுத்துங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

மேக்னட் நகராமல் இருக்கத் தலையைச் சுற்றிக் கட்டு இறுக்கமாகப் போட்டிருப்பதால் கொஞ்சம் அசௌகரியம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இடத்தில் மட்டும் திடீரென்று கூர்மையான வலி, உள்ளே ஏதோ புரண்டதுபோல் ஓர் உணர்வு, "டக்" என்று ஓர் அசைவு, இவற்றில் எது வந்தாலும் நிறுத்தச் சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் படமெடுக்கும் நேரத்தில் வராது. மேசை குழாய்க்குள் நுழையும்போதோ வெளியே வரும்போதோதான் வரும். குழாயின் வாயருகே புலம் சட்டென்று ஏறி இறங்குகிறது. அதனால் வெளியே எடுக்கும்போதும் மெதுவாக, தலையைத் திருப்பாமல், நேராக எடுக்க வேண்டும். பயந்து எழுந்து உட்கார்ந்தால் தலை புலத்துக்குள்ளேயே திரும்பும், இன்னும் மோசமாகும்.

சத்தம் கேட்பதுபோலத் தோன்றினால் பயப்பட வேண்டாம். பிராசஸர் இல்லாமலே சிலருக்குத் தட்டுவதுபோலவோ பீப் போலவோ கேட்கும். துடிக்கும் புலம் உள்ளே இருக்கும் மின்முனைகளில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுவதால் வருவது அது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிள்ளைகள் மிரள மாட்டார்கள்.

மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்கும் குழந்தைதான் எனக்குக் கவலை தரும் நோயாளி. வலி என்ற ஒரே எச்சரிக்கை மணியையும் நாம் அணைத்துவிடுகிறோம். அப்படி எடுத்த குழந்தையை, அது ஒன்றும் சொல்லாவிட்டாலும், விழித்ததும் அடுத்த பகுதியில் சொல்லும் முறையில் சோதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும்.

ஸ்கேனுக்குப் பிறகு காயில் ஒட்டவே இல்லை

முதலில் கட்டை அவிழ்த்து அரை மணி நேரம் விடுங்கள். இறுக்கிக் கட்டிய இடம் லேசாக வீங்கியிருக்கும். அந்த வீக்கம் கொஞ்சம் தணியட்டும்.

அப்புறம் வெளியே இருக்கும் காயிலைச் சந்தேகப்படுங்கள். மேக்னட் கழன்று விழுந்திருக்கிறதா, அதை யாராவது திருகித் தளர்த்திவிட்டார்களா என்று பாருங்கள். காயிலை ஓர் இரும்பு ஊக்கின் அருகே கொண்டுபோங்கள். துள்ளி ஒட்டினால் வெளி மேக்னட் நன்றாக இருக்கிறது. எவர்சில்வர் கரண்டியை வைத்துச் சோதிக்காதீர்கள். பல எவர்சில்வர் சாமான்களில் மேக்னட் ஒட்டாது, வீணாகப் பதறுவீர்கள். காயிலைப் பிராசஸரோடு ஸ்கேன் அறைக்குள் யாராவது தெரியாமல் கொண்டுபோயிருந்தால் அது அங்கேயே பழுதாகியிருக்கலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேறொருவரின் காயிலை இரவல் வாங்கி வைத்துப் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சுழலும் மேக்னட் உள்ள இம்ப்ளான்ட்டுக்கான வெளி மேக்னட் வேறு வகை. பழைய வகைக்கான காயிலைப் புதிய இம்ப்ளான்ட்டின் மேல் வைத்தால் ஒட்டாது, அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். உள்ளே ஒரு கோளாறும் இல்லாமலே இருப்பதுபோலக் காட்டும். அதே இம்ப்ளான்ட் மாடலுக்கான காயிலாக இருந்தால் மட்டும் வைத்துப் பாருங்கள்.

வெளியே எல்லாம் சரி, இன்னும் ஒட்டவில்லை என்றால் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். முடியை விலக்கி, நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். மேக்னட் இருக்கும் மேடு வழக்கமாக மெல்லச் சரிந்து தட்டையாக இருக்கும். நகர்ந்திருந்தால் ஒரு விளிம்பு மட்டும் தோலுக்கு அடியில் கூராகத் துருத்தும், அல்லது மேட்டின் பக்கத்திலேயே இரண்டாவது மேடு ஒன்று முளைத்திருக்கும். இரண்டு பக்கமும் இம்ப்ளான்ட் இருந்தால் ஒப்பிடுவது சுலபம். ஒரு பக்கம் மட்டும் என்றால் பழைய போட்டோ உதவும்; முடி வெட்டிய அன்று எடுத்த படம் ஒன்று போனில் இருந்தால் நல்லது. விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் போதும். அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். எலும்புக்கும் உறைக்கும் நடுவில் அது எப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

மேடு மாறியிருந்தாலும், மாறவில்லை ஆனால் காயில் ஒட்டவில்லை என்றாலும், அன்றே அறுவை சிகிச்சை செய்த இ.என்.டி. மருத்துவருக்கு போன் செய்து எக்ஸ்ரேவுக்குக் கேளுங்கள். மண்டையோட்டின் சாதாரண எக்ஸ்ரேயே பெரும்பாலும் போதும். நேராக ஒன்று, மேக்னட்டைப் பக்கவாட்டில் காட்டும் கோணத்தில் ஒன்று. படத்தில் கம்பிச்சுருள் ஒரு மெல்லிய வளையமாகவும், மேக்னட் அதன் நடுவில் வெள்ளை வட்டமாகவும் தெரியும். வட்டம் வளையத்தின் நடுவை விட்டு ஒதுங்கியிருந்தால் நகர்ந்துவிட்டது. பக்கவாட்டுப் படத்தில் மேக்னட் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு இம்ப்ளான்ட்டின் உடலுக்கு இணையாக இல்லாமல் சாய்ந்திருந்தால் ஒரு விளிம்பு தூக்கியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடுத்த பழைய எக்ஸ்ரே கையில் இருந்தால் கொண்டுபோங்கள். ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இதை எக்ஸ்ரேயில்தான் பார்க்க வேண்டும். மேக்னட் நகர்ந்ததா என்று பார்க்க இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடவே கூடாது.

உறுதியானால் வழி அறுவை சிகிச்சைதான். சிறிய கீறல் போட்டு மேக்னட்டைத் திரும்பத் தன் இடத்தில் வைப்பார்கள், அல்லது புதிய மேக்னட் வைப்பார்கள். இம்ப்ளான்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்து வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதை: மின்முனைகள் உள்காதில் இருக்கும் செவிச்சுருளுக்குள் பத்திரமாக இருந்தால் அவற்றைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். துருத்திய விளிம்பு தோலை உள்ளிருந்து தேய்த்து மெலிதாக்கும். தோல் பிய்ந்து கிருமி உள்ளே போனால் இம்ப்ளான்ட் முழுவதையும் எடுக்க வேண்டிய நிலை வரலாம். காலியான உறைக்குள் தழும்புத் திசுவும் வளர ஆரம்பிக்கும். பரீட்சை முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று ஒத்திப்போடும் விஷயம் அல்ல இது.

மருத்துவர் பார்க்கும்வரை அந்தப் பக்கத்துக் காயிலைப் போடாதீர்கள். சில நாள் சத்தம் இல்லாமல் போவது பிள்ளைக்குக் கஷ்டம்தான். பள்ளியில் ஆசிரியரிடம் சொல்லி முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

ஒட்டுகிறது, ஆனால் இடம் தள்ளி ஒட்டுகிறது

ஒட்டாததைவிட இது ஏமாற்றுகிற அறிகுறி. காயில் முன்பு நின்ற இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் மேலேயோ பின்னாலோ போய் நிற்கும், அல்லது தலையில் படியாமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். சத்தம் கேட்கிறது என்பதால் வீட்டில் கவலைப்பட மாட்டார்கள். மேக்னட் போன இடத்துக்கு வெளிக் காயில் போகிறது, ஆனால் உள்ளே இருக்கும் சுருள் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆகவே தொடர்பு பலவீனமாகும். பேட்டரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீரும், தலையைத் திருப்பினால் சத்தம் அறுந்து அறுந்து வரும்.

இங்கேதான் பெரிய மேக்னட் போடும் ஆசை வருகிறது. போடாதீர்கள். பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள், மேட்டைத் தடவிப் பாருங்கள், எக்ஸ்ரேவுக்குப் போங்கள். மேலே சொன்ன அதே வழிதான். ஸ்கேனும் எடுக்கவில்லை, அடியும் படவில்லை, காயில் மட்டும் சில மாதங்களாக மெல்ல நழுவுகிறது என்றால், முடி அடர்த்தியையும் காயில் ஒயரின் இழுப்பையும் முதலில் பாருங்கள். ஒயர் நீளம் போதாமல் இழுத்தாலே காயில் தள்ளி நிற்கும்.

ஒட்டுவதற்குப் பதில் காயிலைத் தள்ளுகிறது

காயிலைக் கிட்டே கொண்டுபோனால் வழுக்கி விலகும். அதைத் தலைகீழாகப் பிடித்தால் பச்சென்று ஒட்டும். இப்படி நடந்தால் இரண்டில் ஒன்று: உள்ளே மேக்னட் முழுதாகக் கவிழ்ந்திருக்கிறது, அல்லது மேக்னட் அசையாமலே எம்.ஆர்.ஐ. புலத்தில் அதன் துருவங்கள் இடம் மாறியிருக்கின்றன. இரண்டாவது நடந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு; பழைய வகை மேக்னட்டை 3 டெஸ்லாவில் வைப்பதில் உள்ள ஆபத்துகளில் இதுவும் ஒன்று.

துருவம் மட்டும் மாறியிருந்தால் அறுவை சிகிச்சை இல்லாமலே தீர்வு உண்டு. வெளி மேக்னட்டைத் திருப்பிப் பொருத்தினால் காயில் பழையபடி நிற்கும். ஆனால் அதை வீட்டில் செய்யாதீர்கள். கவிழ்ந்த மேக்னட்டும் இதே அறிகுறியைத்தான் காட்டும். எக்ஸ்ரே பார்த்து, மேக்னட் தன் இடத்தில் தட்டையாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு ஆடியாலஜிஸ்ட் திருப்பித் தருவார். முன்பைவிடப் பிடிப்பு குறைந்திருந்தால் உள் மேக்னட் தன் காந்த வலுவில் கொஞ்சம் இழந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது வெளி மேக்னட்டின் நம்பரைக் கூட்டலாம். ஸ்கேனுக்குப் பிறகு பெரிய மேக்னட்டுக்கு முறையான இடம் அதுதான்.

நன்றாகத்தான் ஒட்டுகிறது, சத்தம்தான் விட்டு விட்டு வருகிறது

ஸ்கேனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். காயில் ஒயர், பேட்டரி, வியர்வை ஈரம் என்ற வரிசையில் பாருங்கள். நம் வெயிலில் காயிலுக்குள்ளும் ஒயர் முனையிலும் ஈரம் இறங்கும். இரவில் உலர் டப்பாவில் வைத்து எடுத்தாலே பாதிப் புகார் போய்விடும். வேறு ஒயர் மாற்றியும் தீரவில்லை என்றால் மேப்பிங் மையத்துக்கு வாருங்கள். இம்ப்ளான்ட்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒவ்வொரு மின்முனையின் மின்தடையையும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். எம்.ஆர்.ஐ. எடுத்த யாராக இருந்தாலும், ஒரு குறையும் இல்லாவிட்டாலும், இந்தச் சோதனையை ஒருமுறை செய்துகொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

காயில் படும் இடத்தில் சிவப்பு, தடிப்பு, வலி

ஸ்கேன் நடக்கவில்லை, காயிலின் வடிவத்திலேயே வட்டமாகச் சிவந்திருக்கிறது என்றால் வெளி மேக்னட் அளவுக்கு மீறி வலுவாக இருக்கிறது. நம்பரைக் குறையுங்கள், தோல் தேறும்வரை சில நாள் அந்த இடத்துக்கு ஓய்வு கொடுங்கள். மேக்னட்டுக்கும் தோலுக்கும் நடுவில் வைக்கும் மெத்தைத் துண்டும் கிடைக்கிறது.

சிவப்பு வட்டமாக இல்லாமல் ஒரு கோடாக, மேட்டின் ஒரு விளிம்பில் மட்டும் இருந்தால் உள்ளே மேக்னட் தூக்கியிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். தோல் பளபளத்து மெலிந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு. மஞ்சள், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். மருத்துவர் தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

ஸ்கேனே எடுக்கவில்லை, கீழே விழுந்தான்

மேக்னட் நகர எம்.ஆர்.ஐ. கட்டாயமில்லை. 2014-ல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் மருத்துவர்கள் தங்களிடம் வந்த மேக்னட் இடப்பெயர்ச்சிகளைத் தொகுத்து, இது புதிதாகத் தலையெடுக்கும் சிக்கல் என்று எழுதினார்கள். எம்.ஆர்.ஐ.யோடு, தலையில் பட்ட அடியும் அதற்குக் காரணமாகியிருந்தது. சைக்கிளிலிருந்து விழுவது, ஊஞ்சல் பலகை இடிப்பது, கதவு நிலையில் மோதுவது எல்லாமே இம்ப்ளான்ட் பக்கத்தில் பட்டால் கணக்கில் வரும். அடிபட்ட அன்று வீக்கத்தில் ஒன்றும் தெரியாது. வீக்கம் வடிந்த பிறகும் காயில் நிற்கவில்லை என்றால் எக்ஸ்ரே. வாந்தி, மயக்கம் இருந்தால் முதலில் தலைக்காயத்துக்கான சிகிச்சை, சி.டி. ஸ்கேன், மேக்னட் அப்புறம்.

காந்தத் தலையணை, காந்தப் பட்டை என்று வைத்தியமாக விற்பதை இம்ப்ளான்ட் உள்ளவர் தலைக்குக் கிட்டே கொண்டுவர வேண்டாம். சின்னதாக இருந்தாலும் வலுவான மேக்னட் உள்ள விளையாட்டுச் சாமான்களும் அப்படித்தான்.

ஸ்கேன் படத்தில் காதருகே பெரிய கறுப்பு ஓட்டை

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி வருபவர்கள் உண்டு. அது கட்டி அல்ல. மேக்னட் தன்னைச் சுற்றியுள்ள புலத்தைக் குலைப்பதால் அந்தப் பகுதியில் படம் பதிவாகாமல் போகிறது. ஓட்டையைச் சுற்றி நெளிந்த கோடுகளும் இருக்கும். சுழலும் மேக்னட்டும் இந்த நிழலைத் தடுக்காது. அது காப்பது மேக்னட்டின் இடத்தை மட்டும்தான். முதுகுத்தண்டையோ வயிற்றையோ பார்க்க வேண்டியிருந்தால் இந்த ஓட்டையால் நஷ்டமில்லை. பார்க்க வேண்டிய இடமே அதே பக்கத்து மூளைப்பகுதி என்றால் மேக்னட்டை எடுத்துவிட்டு ஸ்கேன் செய்வதைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள்.

எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இன்னும் எடுக்கவில்லை

மேலே உள்ளவற்றில் பெரும்பாலானவை வராமல் இருக்கும் வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்: சி.டி.யோ அல்ட்ராசவுண்டோ போதுமா? சில நேரம் போதும். இம்ப்ளான்ட் இருப்பது அவருக்குத் தெரியாமலே எழுதியிருக்கலாம். பிராசஸரைக் கழற்றி வைத்திருந்தால் பார்த்தால் தெரியாது. எம்.ஆர்.ஐ.தான் வேண்டும் என்றால் இம்ப்ளான்ட் அடையாள அட்டையை எடுங்கள். அதில் மாடலும் வரிசை எண்ணும் இருக்கும். அட்டை தொலைந்திருந்தால் அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் கோப்பிலோ நிறுவனத்தின் பதிவிலோ கிடைக்கும். மேப்பிங் மையத்திலும் கேளுங்கள். மேப் செய்யும் சாஃப்ட்வேரில் இம்ப்ளான்ட் மாடல் பதிவாகியிருக்கும். கிடைத்ததும் அட்டையைப் படம் எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வையுங்கள். விபத்தில் சிக்கி நினைவில்லாமல் கிடக்கும்போது அட்டை வீட்டுப் பீரோவில் இருந்து என்ன பயன்?

மாடல் தெரிந்தால் நிறுவனத்தின் எம்.ஆர்.ஐ. வழிகாட்டியில் மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை டெஸ்லா வரை, மேக்னட் உள்ளே இருக்கலாமா, கட்டுப் போட வேண்டுமா. முக்கோணத்துக்குள் இருக்கும் மஞ்சள் எம்.ஆர். குறி "நிபந்தனையோடு பாதுகாப்பு" என்பதைத்தான் சொல்கிறது. நிபந்தனை என்ன என்பது வழிகாட்டியில்தான் இருக்கும். சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் என்றால் உள்ளே கொண்டுபோகவே கூடாது. பிராசஸரும் காயிலும் அந்த வகை. அவற்றை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும்.

3 டெஸ்லா என்று போர்டு போட்ட சென்டர்தான் உயர்ந்தது என்று நம்மூரில் ஓர் எண்ணம் இருக்கிறது. பழைய வகை மேக்னட் உள்ளவர்களுக்கு அது நேர் எதிர். உதாரணமாக, நியூக்ளியஸின் பழைய மாடல்கள் பலவற்றுக்கு மேக்னட்டோடு 1.5 டெஸ்லா வரைதான், அதுவும் கட்டோடு. 3 டெஸ்லா என்றால் மேக்னட்டை எடுத்தாக வேண்டும். மேக்னட்டைத் தனியே எடுக்க முடியாத பழைய மாடல்களும் உண்டு. ஆகவே சென்டருக்கு போன் செய்து, "உங்கள் இயந்திரம் எத்தனை டெஸ்லா?" என்று கேட்டுவிட்டுத்தான் நேரம் வாங்க வேண்டும். ஓப்பன் எம்.ஆர்.ஐ. என்றாலே பாதுகாப்பு என்பதும் தவறு. சிலவற்றில் புலம் மேலிருந்து கீழாக ஓடுகிறது. வழிகாட்டியில் சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது.

"முழங்காலுக்குத்தானே ஸ்கேன், தலை வெளியேதானே இருக்கும்" என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். தலை குழாய்க்கு வெளியே இருந்தாலும் அறைக்குள்தான் இருக்கிறது, அதுவும் புலம் சட்டென்று மாறும் வாயருகில். முழங்காலுக்கும் மூளைக்கும் ஒரே முன்னேற்பாடுதான். நோயாளி வேறொருவர், நீங்கள் துணைக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் நீங்கள் வெளியே நில்லுங்கள், இம்ப்ளான்ட் இல்லாதவர் உள்ளே போகட்டும்.

கட்டு என்பது சும்மா ஒரு சுற்று துணி அல்ல. மேக்னட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறித்து, அதன் மேல் கெட்டியான தட்டையான தகடு ஒன்றை வைத்து, அகலமான எலாஸ்டிக் பேண்டேஜால் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். தகடு மேக்னட்டின் நடுவில் உட்காராமல் ஓரத்தில் இருந்தால் கட்டியும் பயனில்லை. அதனால் பிராசஸரைக் கழற்றும் முன்பே, காயில் நிற்கும் இடத்தைத் தோலில் பேனாவால் குறித்துவிடச் சொல்லுங்கள். இதை இம்ப்ளான்ட் தெரிந்த ஒருவர், முடிந்தால் அறுவை சிகிச்சைக் குழுவிலிருந்து ஒருவர், கட்டுவது நல்லது. சரியாகக் கட்டியும் மேக்னட் நகர்ந்த சம்பவங்கள் உண்டு. கட்டு ஆபத்தைக் குறைக்கும், போக்காது. இரண்டு பக்கமும் இம்ப்ளான்ட் என்றால் இரண்டு பக்கமும் கட்ட வேண்டும்.

பிராசஸரைக் கழற்றியபின் ஸ்கேனுக்குப் படுத்திருப்பவருக்கு ஒன்றும் கேட்காது என்பதை ஸ்கேன் டெக்னீஷியன் மறந்துவிடுவார். ஸ்பீக்கரில் "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார், உள்ளே படுத்திருப்பவருக்கு அது போய்ச் சேராது. முன்பே பேசிவையுங்கள்: காலில் ஒரு தட்டு தட்டினால் மூச்சைப் பிடி, இரண்டு தட்டினால் விடு, பந்தை அழுத்தினால் நிறுத்து. இம்ப்ளான்ட் இல்லாத ஒரு துணை, உலோகம் எதுவும் இல்லாமல், கால்மாட்டில் நின்று தட்டினால் இன்னும் நல்லது. தலையை நேராக வைக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சுழலும் மேக்னட்டாக இருந்தாலும் தலை சாய்ந்தால் அதன் மேல் திருப்புவிசை விழும். அதற்கும் நிபந்தனை உண்டு.

மேக்னட்டை எடுத்துவிட்டுத்தான் ஸ்கேன் என்று முடிவானால், அது இரண்டு சிறு அறுவை சிகிச்சை என்பதைக் கணக்கில் வையுங்கள்: எடுக்க ஒன்று, வைக்க ஒன்று. நடுவில் காயில் நிற்க உள்ளே பிடிப்பு இருக்காது. தோலில் ஒட்டும் வட்டத் துண்டு ஒன்றை வைத்து, அதன் மேல் காயிலைப் பொருத்திக் கேட்க முடியும். அதற்கு அந்த இடத்தில் முடியை மழிக்க வேண்டியிருக்கும். காயத்தின் மேல் உடனே வைக்கக் கூடாது, மருத்துவர் சொல்லும் நாள்வரை பொறுக்க வேண்டும். புற்றுநோய்க்கோ மூளைக் கட்டிக்கோ அடிக்கடி எம்.ஆர்.ஐ. தேவைப்படுகிறவராக இருந்தால், ஒவ்வொரு முறையும் எடுத்து வைக்காமல் காந்தமில்லாத அடைப்பான் ஒன்றை அந்த உறையில் வைத்துவிடும் வழியும் சில மாடல்களில் உண்டு. எந்த மாடலுக்கு எது என்பதை மருத்துவரிடம் கேட்கப் போகும்போது, அட்டையையும் பழைய எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துப் போங்கள்.